பாதிப் பரிசோதனை பேதி மருந்திலேயே முடிகிறது

கேள்வி: எனக்கு வயது 56. மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சில மாதங்களாகச் சோர்வும் மூச்சிரைப்பும் இருந்ததால் ரத்தப் பரிசோதனை செய்தேன். ஹீமோகுளோபின் 8.4 என்றும் இரும்புச்சத்து மிகவும் குறைவு என்றும் வந்தது. எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். சில ஆண்டுகளுக்கு முன் கொலோனோஸ்கோபிக்குப் போனபோது பேதி மருந்தில் பெரும்பகுதியை வாந்தி எடுத்துவிட்டேன். குடல் சுத்தமாகவில்லை என்று பரிசோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். அன்று பட்ட வலி இன்னும் மறக்கவில்லை. எனக்குச் சர்க்கரை நோயும் மலச்சிக்கலும் உண்டு. மெட்ஃபார்மின், எம்பாக்ளிஃப்ளோசின், இதயத்துக்காகச் சிறிய அளவு ஆஸ்பிரின், இப்போது இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றைச் சாப்பிடுகிறேன். ஸ்கேன் அல்லது மலப் பரிசோதனை மட்டும் போதாதா? தொண்டையில் குழாய் விட்டால் மூச்சு முட்டாதா? மயக்க மருந்து கேட்கலாமா?

பதில்: மாதவிடாய் நின்ற பிறகு ஒரு பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைபாட்டால் ரத்தசோகை வந்தால், உணவில் இரும்பு குறைந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், உணவுப் பாதையில் எங்கேனும் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது மருத்துவத்தில் வழக்கமான நடைமுறை. இரைப்பைப் புண், இரைப்பை அழற்சி, குடல் சுவரில் ரத்தக் குழாய்கள் விரிந்து மெலிந்திருப்பது, பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சியான பாலிப், புற்றுநோய் என்று காரணங்கள் பல. இவற்றில் சில மேலே இருக்கும், சில கீழே இருக்கும். ஒரு பக்கம் ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்பதற்காக மறுபக்கம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதனால்தான் வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு மேல்பகுதியைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி இரண்டையும் உங்கள் மருத்துவர் சேர்த்தே கேட்கிறார். ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கு இரைப்பையில் புண் வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதையும் அவர் கணக்கில் எடுத்திருப்பார். கோதுமைப் புரதத்தை ஏற்காத சீலியாக் நோயும் இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் செய்யும். அதைத் திசு ஆய்வில் உறுதிப்படுத்த வேண்டுமானால் சிறுகுடலின் தொடக்கத்தில் துணுக்குகள் எடுத்தாக வேண்டும். அதற்கு வழி வாய் வழியாகச் செல்லும் எண்டோஸ்கோபிதான்.

நீங்கள் கேட்ட மாற்று வழிகளைப் பார்ப்போம். பெருங்குடலைப் படமெடுக்கும் சிறப்பு சி.டி. ஸ்கேன் இருக்கிறது. ஆனால் அதற்கும் பெரும்பாலும் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும், ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்த வேண்டும். சந்தேகத்துக்குரியது ஏதேனும் தென்பட்டால் அதைக் கிள்ளிப் பார்க்கவோ நீக்கவோ ஸ்கேனால் முடியாது; மறுபடியும் கொலோனோஸ்கோபிக்குத்தான் வர வேண்டும். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் பரிசோதனை, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களைச் சலித்தெடுக்கப் பயன்படும் நல்ல கருவி. ரத்தசோகை ஏற்கெனவே உறுதியாகிவிட்ட ஒருவரிடம், அந்த முடிவு ‘இல்லை’ என்று வந்தால்கூடக் குடலைப் பார்க்காமல் விட முடியாது என்பதால், உங்களுக்கு அது உதவாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பழைய அனுபவம்தான். அன்று மருந்து உள்ளே தங்கவில்லை. அதனால் பரிசோதனை நடக்கவில்லை. இதை உங்கள் உடம்பின் குறையாகவோ மன உறுதியின் குறையாகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம். மலச்சிக்கல், நீண்டநாள் சர்க்கரை நோய், முன்பு ஒருமுறை சரியாகச் சுத்தமாகாத குடல் ஆகிய மூன்றுமே, சாதாரண ஏற்பாடு போதாமல் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லும் அறிகுறிகள். உங்களிடம் மூன்றும் இருக்கின்றன. ஆகவே தேதி குறிக்கும்போதே இந்த வரலாற்றை வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லோருக்கும் கொடுக்கும் அச்சடித்த தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டாம். உங்களைப் போன்றவர்களுக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே மலமிளக்கி கொடுப்பதும், நார்ச்சத்துக் குறைந்த உணவை ஒரு நாளுக்குப் பதில் இரண்டு மூன்று நாட்கள் நீட்டிப்பதும், குமட்டலை அடக்கும் மாத்திரையைப் பேதி மருந்துக்கு முன்னரே தருவதும் உண்டு.

மாத்திரைகளைப் பற்றிக் கூடுதலாகவே எழுதுகிறேன். தவறு நடந்தால் ஆபத்து வரக்கூடிய இடம் அதுதான். முதலில் இரும்புச்சத்து மாத்திரை. அது மலத்தைக் கறுப்பாக்கி, குடல் சுவரில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். பேதியானாலும் எளிதில் போகாது. பரிசோதனைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது நிறுத்தலாமா என்று தயங்க வேண்டாம், ஒரு வார இடைவெளியால் பெரிய இழப்பில்லை. ஊசி வழியாக ஏற்றும் இரும்புக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

அடுத்து எம்பாக்ளிஃப்ளோசின். டாபாக்ளிஃப்ளோசின், கானாக்ளிஃப்ளோசின் ஆகியவையும் இதே குடும்பம். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடந்து, பேதியால் நீரையும் இழந்தால், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் அபாயம் இருக்கிறது. மீட்டரில் சர்க்கரை அளவு ஏறக்குறைய இயல்பாகக் காட்டும்போதே இது நேரலாம் என்பதால் கண்டுபிடிப்பது கடினம். எனவே இவற்றை ஏறத்தாழ மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்தும்படி பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் இதை இதயத்துக்காகவும் சாப்பிடுகிறீர்களா என்பதைப் பொறுத்து, நிறுத்தும் நாளை உங்கள் சர்க்கரை மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். மெட்ஃபார்மினைத் திட உணவு இல்லாத நாளில் எப்படிக் குறைப்பது, பரிசோதனை நாளில் விடுவதா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் இல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். அவர்கள் அளவைக் குறைக்காமல் பட்டினி இருக்கக் கூடாது.

சிறிய அளவு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை. குளோபிடோக்ரெல், வார்ஃபரின், இன்னும் புதிதாக வந்துள்ள ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் ஆகியவற்றின் கதை வேறு. பாலிப் நீக்கும் வாய்ப்பிருந்தால் அவற்றைச் சில நாட்கள் நிறுத்த வேண்டியிருக்கலாம். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அவற்றைத் தானாக நிறுத்தினால், தவிர்க்க நினைத்த ரத்தக் கசிவைவிடப் பெரிய ஆபத்தில் போய் நிற்பார்.

இனி குடலைச் சுத்தம் செய்வதற்கு வருவோம். பெருங்குடலின் உட்சுவர் வழவழப்பான குழாய் அல்ல. அதில் வரிசையாக மடிப்புகள் உண்டு. தட்டையான பாலிப்கள் அந்த மடிப்புகளுக்குப் பின்னால், சுற்றியுள்ள சவ்வின் நிறத்திலேயே இருக்கும். ஒரு மெல்லிய மலப் படலம் போதும், அவை கண்ணில் படாமல் போக. குழாயைப் பின்னுக்கு இழுத்தபடி சுவரை ஆராயும் நேரம் குறைந்தது 6 நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது நெடுநாளாக உள்ள தர அளவுகோல். அந்த நிமிடங்களைக் கழுவுவதிலும் உறிஞ்சுவதிலும் செலவழித்தால் தேடுவதற்கு என்ன மிஞ்சும்?

இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே விதையும் தோலும் உள்ள பழங்கள், கீரைகள், நார் மிகுந்த காய்கள், முழுத் தானியங்கள், கொட்டை வகைகள் ஆகியவற்றை நிறுத்திவிடுங்கள். சிறு விதைகள் கருவியின் உறிஞ்சு குழாயையே அடைத்துவிடும். முந்தைய நாள், மருத்துவர் சொன்ன நேரத்திலிருந்து, ஊடுருவிப் பார்த்தால் மறுபக்கம் தெரியும் திரவங்கள் மட்டுமே: நீர், சக்கையில்லாத வெளிர்நிறப் பழச்சாறு, வடிகட்டிய தெளிந்த சூப், பால் சேர்க்காத தேநீர் அல்லது காபி. பால் திரவம்தான், ஆனால் தெளிந்த திரவம் அல்ல. சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் உள்ளே ரத்தம்போலத் தெரியும் என்பதால் அவையும் வேண்டாம். நாள் முழுவதும் வெறும் நீரை மட்டும் குடிக்காதீர்கள். உப்பும் சிறிது சர்க்கரையும் உள்ள திரவங்களையும் மாற்றி மாற்றிக் குடியுங்கள், தலைசுற்றல் குறையும். சர்க்கரை அளவை அன்று வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள். அது இறங்கினால் சர்க்கரை கரைத்த நீரையோ தெளிந்த பழச்சாற்றையோ தயங்காமல் குடித்துவிட்டு, மருத்துவமனையில் அதைச் சொல்லுங்கள்.

பேதி மருந்தாகப் பெரும்பாலும் தருவது பாலிஎத்திலீன் கிளைகால் பொடியையும் உப்புகளையும் நீரில் கரைத்த கரைசல். அது ரத்தத்தில் ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை. குடித்த நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு குடல் வழியே வெளியேறுகிறது. அளவு 2 முதல் 4 லிட்டர் வரை மாறும். அளவு குறைந்த வேறு மருந்துகளும் உண்டு. ஆனால் சோடியம் பாஸ்பேட் வகை சிறுநீரகத்தைக் கெடுத்த நிகழ்வுகள் இருக்கின்றன. மக்னீசியம் கலந்தவையும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஒத்துவராது. நீண்டநாள் சர்க்கரை நோயாளி என்ற முறையில், மருந்தைத் தேர்வு செய்யுமுன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் உங்கள் கிரியாட்டினின் அளவைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

மொத்தத்தையும் முந்தைய மாலையிலேயே குடித்து முடிக்கும் பழைய முறையைவிட, இரண்டாகப் பிரித்து, பாதியை முந்தைய மாலையிலும் மறுபாதியைப் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பும் குடிப்பது குடலைத் தெளிவாகச் சுத்தப்படுத்துகிறது. இரவு முழுவதும் சிறுகுடலிலிருந்து பித்தநீர் கலந்த கசடு இறங்கிக்கொண்டே இருக்கும். காலைப் பாதி அதைக் கழுவிவிடும். வயிற்றில் ஒரே மூச்சில் சேரும் அளவும் பாதியாகிவிடுவதால் வாந்தி குறைகிறது. சென்ற முறை நீங்கள் முழுவதையும் ஒரே மாலையில் குடித்திருந்தால், அதுவே வாந்திக்குப் பெரிய காரணமாக இருந்திருக்கக்கூடும். பரிசோதனை காலை 10 மணிக்கு என்றால் விடியற்காலை 4, 5 மணிக்கு எழ வேண்டியிருக்கும். அந்தத் தூக்கக்கேட்டுக்கு மதிப்பு உண்டு. கடைசி வாய் திரவத்துக்கும் பரிசோதனைக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். மயக்க மருத்துவர் இதைவிட அதிக இடைவெளி கேட்டால் அவர் சொல்வதே சட்டம்.

குடிக்கும் விதத்தைச் சொல்கிறேன். கரைசலை முன்கூட்டியே கலந்து குளிர வைத்துவிடுங்கள். அதன் உப்பும் வழவழப்பும் கலந்த சுவை குளிர்ச்சியில் மட்டுப்படும். ஸ்ட்ராவை நாக்கின் பின்பகுதியில் வைத்து உறிஞ்சுங்கள். 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒரு தம்ளர், அதாவது 250 மில்லி, என்ற கணக்கில் போனால் போதும். நடுவில் ஒரு எலுமிச்சைத் துண்டை வாயில் வைத்துச் சப்பலாம். குமட்டல் ஏறினால் அரை மணி நேரம் நிறுத்தி, எழுந்து சற்று நடந்துவிட்டு, மெதுவான வேகத்தில் தொடருங்கள். வாந்தி எடுத்துவிட்டால் எவ்வளவு போனது என்று உத்தேசமாகக் குறித்துக்கொண்டு, நள்ளிரவானாலும் மருத்துவமனை கொடுத்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மறுநாள் மேசையில் படுத்த பிறகு சொல்வதால் பயனில்லை. குளிர்ந்த நீர் இவ்வளவு உள்ளே போகும்போது உடம்பு நடுங்கும், போர்வை பக்கத்தில் இருக்கட்டும். பேதி தொடங்க ஒன்று முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். தொடங்கிவிட்டால் கழிவறைக்கு அருகிலேயே இருங்கள். பத்துப் பன்னிரண்டு முறை போன பிறகு ஆசனவாய் எரியும். பேதி தொடங்குமுன்னரே பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவிவிட்டு, துடைப்பதற்குப் பதில் நீரால் கழுவி ஒற்றி எடுத்தால் எரிச்சல் பெருமளவு குறையும்.

போதுமா என்று எப்படித் தெரியும்? கடைசியாக வெளியேறுவது சிறுநீரைப்போல மஞ்சளாக, அடி தெரியும்படி தெளிவாக இருக்க வேண்டும். மஞ்சள் நிறம் பித்தநீரால் வருவது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பழுப்பாகக் கலங்கியோ துகள்களுடனோ இருந்தால், முழு மருந்தையும் குடித்திருந்தாலும், கிளம்புவதற்கு முன்பே தொலைபேசியில் தெரிவியுங்கள்.

ஒரே நாளில் இரண்டும் செய்யும்போது பெரும்பாலும் எண்டோஸ்கோபி முதலில் நடக்கும். மூச்சு முட்டுமோ என்ற உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் குழாய் போவது உணவுக் குழாயில்; மூச்சுக்குழாய் தனி, அது திறந்தே இருக்கும். ஒரு சென்டிமீட்டர் அளவுத் தடிமனுள்ள குழாய் தொண்டையின் பின்புறத்தைத் தொடும்போது ஓங்கரிப்பு வரும், அந்த நொடியில் மூச்சு நின்றுவிட்டதுபோலத் தோன்றும். மரத்துப்போகச் செய்யும் ஸ்பிரே அடித்த பிறகு எச்சில் விழுங்க முடியாதது போன்ற உணர்வும் சேர்ந்து பயமுறுத்தும். இடப்பக்கம் படுத்து, பற்களுக்கிடையே வைக்கும் வளையத்தை மெல்லக் கடித்தபடி, எச்சிலை விழுங்காமல் கன்னத்து வழியே ஒழுக விட்டுவிட்டு, மூக்கால் மெதுவாக மூச்சை வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். வேலை பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். கண்ணாடி இழையாலான நெகிழும் எண்டோஸ்கோப்பை உருவாக்கிய பேசில் ஹிர்ஷோவிட்ஸ் 1957இல் அதை முதலில் தன் தொண்டைக்குள்தான் செலுத்திப் பார்த்தார். இன்றைய குழாய்கள் அதைவிட மெலிந்தவை என்பது உங்களுக்குச் சிறு ஆறுதலாக இருக்கலாம்.

கொலோனோஸ்கோபியின் வலி குத்துவதால் வருவதல்ல. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் வளைந்து வளைந்து போகிறது. அதிலும் இடுப்புக்குள் இருக்கும் பகுதியில் குழாய் சுருண்டுகொண்டு குடலை இழுக்கும்போதும், காற்று நிரப்பும்போதும்தான் வலிக்கிறது. அப்போது குழாயைப் பின்னுக்கு இழுத்து நேராக்குவது, உங்களை மல்லாக்கத் திருப்புவது, செவிலியர் வயிற்றை அழுத்திப் பிடிப்பது எல்லாம் நடக்கும். சாதாரணக் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு பயன்படுத்தும் இடங்களில் அது வேகமாக உறிஞ்சப்படுவதால் பிறகு உப்புசம் குறைவு, கேட்டுப் பாருங்கள். திசுத் துணுக்கு எடுப்பதோ சிறு பாலிப்பை நீக்குவதோ வலிக்காது, உட்சவ்வுக்கு வெட்டுவலி தெரியாது. நடுவில் மலம் வந்துவிடும்போல ஒரு முட்டல் தோன்றும். அது காற்றுதான். வெளியே விட்டுவிடுங்கள், அந்த அறையில் அது எதிர்பார்க்கப்படுவது. பின்புறம் மட்டும் திறக்கும் ஆடையும் மேலே ஒரு விரிப்பும் கேட்பதிலும், பெண் பணியாளர் உடனிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்வதிலும் தவறே இல்லை.

பழைய வலி மறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர் டொனால்ட் ரெடெல்மையரும் உளவியலாளர் டேனியல் கானமனும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், கொலோனோஸ்கோபியின்போதே நோயாளிகளின் வலியை நிமிடந்தோறும் பதிவு செய்து, பின்னர் அவர்கள் நினைவுகூர்ந்ததோடு ஒப்பிட்டார்கள். எவ்வளவு நேரம் வலித்தது என்பது நினைவில் அதிகம் தங்கவில்லை. உச்சத்தில் எவ்வளவு வலித்தது, முடியும்போது எவ்வளவு வலித்தது என்ற இரண்டுமே நினைவைத் தீர்மானித்தன. உங்களுடையது வலியின் நடுவிலேயே நிறுத்தப்பட்ட பரிசோதனை. அது நினைவில் இவ்வளவு பெரிதாக நிற்பதில் வியப்பில்லை; ஆனால் அடுத்த முறையும் அப்படித்தான் இருக்கும் என்பதற்கு அது சான்றாகாது.

மயக்க மருந்தைத் தயங்காமல் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யும் உங்களுக்கு அதையே நானும் பரிந்துரைப்பேன். மிடாசோலம் போன்ற ஊசியால் அரைத் தூக்கத்தில் இருக்கலாம், அல்லது மயக்க மருத்துவர் உடனிருக்க புரோப்போஃபால் கொடுத்து முழுமையாகத் தூங்கலாம். ஹீமோகுளோபின் குறைவு, இதயப் பிரச்சினை, தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் தடையும், ஆடும் பல், முன்பு மயக்க மருந்தால் வந்த ஒவ்வாமை ஆகியவற்றை முன்பே சொல்ல வேண்டும். அன்று முழுவதும், அதாவது 24 மணி நேரத்துக்கு, வண்டி ஓட்டவோ முக்கியமான தாள்களில் கையெழுத்திடவோ கூடாது. உடன் வருபவர் வீட்டுக்கு அழைத்துப் போவதற்கு மட்டுமல்ல. மயக்கம் தெளிந்து நீங்கள் எழுந்து உட்கார்ந்து, தலையை ஆட்டி, கேள்வியும் கேட்டிருப்பீர்கள். மாலையில் மருத்துவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நினைவிருக்காது. முடிவைக் கேட்கும்போது அவரும் பக்கத்தில் இருக்கட்டும்.

தொண்டை மரப்பு நீங்கும்வரை எதையும் விழுங்காதீர்கள். பிறகு மென்மையான உணவில் தொடங்கலாம். வாயு பிரியப் பிரிய வயிறு லேசாகும், அதற்கு நடப்பதே நல்ல மருந்து. இரண்டு மூன்று நாட்கள் மலம் கழியாவிட்டால் குடல் காலியாக இருக்கிறது என்று பொருள். எம்பாக்ளிஃப்ளோசினை வழக்கம்போலச் சாப்பிடவும் நீர் அருந்தவும் தொடங்கிய பிறகே மறுபடி ஆரம்பியுங்கள். கொலோனோஸ்கோபியில் குடலில் துளை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக நேரும் அரிய நிகழ்வு. ஆனாலும் விடாத கடும் வயிற்றுவலி, கல்லாக இறுகும் வயிறு, காய்ச்சல், நெஞ்சுவலி, கருநிற மலம், நிற்காத ரத்தப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாலிப் நீக்கியிருந்தால் இரண்டு வாரங்கள் வரைகூட ரத்தக் கசிவு வரலாம்.

புற்றுநோயாக இருக்குமோ என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்ததில் அந்த அச்சத்துக்கும் பங்கிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வாய்ப்பு இல்லை என்று பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. இந்த நிலையில் வருபவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதில்லை என்பதும் உண்மை. பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பகுதி, பல ஆண்டுகளாக மெதுவாக வளரும் பாலிப்பிலிருந்தே தோன்றுகிறது. அதை அந்த நிலையிலேயே நீக்கிவிடும் வாய்ப்பு இதே மேசையில்தான் கிடைக்கிறது.

அறிக்கையை வாங்கும்போது மூன்றைத் தேடுங்கள்: குழாய் பெருங்குடலின் தொடக்கமான சீகம் வரை சென்றதா, குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது, திசுத் துணுக்குகள் எங்கெங்கே எடுக்கப்பட்டன. சுத்தத்துக்குப் பாஸ்டன் அளவுகோல் என்ற மதிப்பெண் பல இடங்களில் எழுதப்படுகிறது. குடலை மூன்று பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 3 வரை போடுவார்கள். எந்தப் பகுதியும் 2க்குக் குறையாமல் இருந்தால் பார்த்தது நம்பத்தக்கது. திசு ஆய்வின் முடிவு வர ஒன்றிரண்டு வாரங்கள் ஆகலாம். அதற்குள் இரும்புச்சத்தை மீண்டும் தொடங்கிவிடலாம். இரண்டு பரிசோதனைகளிலும் ஒன்றும் இல்லை என்று வந்து, இரும்பு கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாமலோ ஏறி இறங்கியோ இருந்தால், இரண்டு குழாய்களும் எட்டாத சிறுகுடலைக் கேமரா பொருத்திய மாத்திரையை விழுங்கிப் பார்க்கும் அடுத்த கட்டத்தைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.